இடம் போதாத எண்

3 ஜிபி நினைவகம் பொருத்திய பழைய கணினி ஒன்றில், நினைவக அளவைக் காட்டும் சிறுநிரலை ஓடவிடுகிறோம். மறை 1,073,741,824 பைட் என்று திரையில் விழுகிறது. கடன்பட்டவரின் வங்கிக் கணக்கில் மறை எண் இருக்கலாம். நினைவகத்துக்கு அப்படியொரு நிலை கிடையாது. பூச்சியத்துக்குக் கீழே அது போக வழியில்லை. ஆகவே பார்த்த மாத்திரத்தில் சிரிப்பு வரும், யாராவது முறையிடுவார்கள், பிழை திருத்தப்பட்டுவிடும். 32 பிட் காலத்தில் எழுதப்பட்ட எத்தனையோ நிரல்கள், மெமரி மலிந்து 2 ஜிபியைத் தாண்டிய நாட்களில் இப்படித்தான் அகப்பட்டன.

அந்த மறை எண்மீது எனக்கு ஒரு மரியாதை உண்டு. தான் பொய் என்பதை நெற்றியில் எழுதிக்கொண்டு வருகிற பொய் அது. எனக்குக் கவலை தருவது மற்றது: கழுவித் துடைத்த முகத்தோடு, நம்பத்தக்க ஓர் அளவாக வந்து நிற்கிற எண்.

கணக்கைச் சற்றுக் கிட்ட நின்று பார்க்கலாம். இயங்குதளம் நினைவகத்தைப் பக்கங்களாக எண்ணுகிறது. வழக்கமான பக்கம் ஒன்று 4,096 பைட். 3 ஜிபி என்றால் 786,432 பக்கங்கள். இது பெரிய எண்ணே அல்ல. 4,096 அதைவிடச் சிறியது. இரண்டையும் பெருக்கினால் 3,221,225,472 வருகிறது. குறியுள்ள 32 பிட் எண்ணின் உச்சமோ 2,147,483,647. விடை அடங்கவில்லை. எல்லை தாண்டிய பெறுமதி 32 பிட்டுக்குள் மடிந்து விழுகிறது. அந்த 32 பிட்டுகளில் முதலாவது 1 ஆக இருப்பதால் முழுவதும் மறை எண்ணாக வாசிக்கப்படுகிறது. பெருக்கிய எண்கள் இரண்டும் சரி, பெருக்கலும் சரி. விடைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்கூட்டி நினைத்தவரின் கணிப்பு மட்டுமே பிழை.

குறியை விட்டுவிட்டு நேர் எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் 4,294,967,295 வரை இடம் கிடைக்கும். 3 ஜிபி ஒழுங்காகத் தெரியும். ஆனால் 4 ஜிபி பூச்சியமாகவும் 5 ஜிபி 1 ஜிபியாகவும் தெரியும். கொழும்பில் ஒருகாலத்தில் ஓடிய மொரிஸ் மைனர் கார்களின் மைல்மானி போலத்தான். ஐந்து இலக்கமும் 99,999 ஐக் கடந்ததும் பூச்சியங்களாகி, கிழட்டு வண்டி கம்பனியிலிருந்து நேற்று இறங்கியதாகக் கணக்குச் சொல்லும். காரை வாங்க வந்தவர் பெடல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்து உண்மையைக் கண்டுபிடிப்பார். எண்ணை வாங்கிக்கொள்ளும் இன்னொரு நிரல் அப்படிக் குனிந்து பார்க்காது. 1 ஜிபி என்றால் 1 ஜிபிக்கு ஏற்றபடி தன் வேலையைச் சுருக்கிக்கொள்ளும். இயந்திரம் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று தேடுகிறவர், சந்தேகப்பட வேண்டிய எல்லாவற்றையும் சந்தேகித்துவிட்டு, அந்த எண்ணை மட்டும் நம்பிக்கொண்டிருப்பார்.

சதவீதக் கணக்கு இன்னும் நயவஞ்சகமானது. 64 ஜிபி உள்ள ஒரு வழங்கியில் 42 ஜிபி பாவனையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிரல் கிலோபைட்டில் கணக்குப் பார்க்கிறது, ஆகவே 44,040,192 ஐ 100 ஆல் பெருக்கி மொத்தத்தால் வகுக்க வேண்டும். பெருக்கிய இடத்திலேயே 440 கோடியைத் தாண்டிவிடுகிறது. குறியில்லா 32 பிட்டில் மிஞ்சுவது 109,051,904. அதை 67,108,864 ஆல் வகுத்தால் விடை 1. உண்மையில் 65 வீதம் நிரம்பிய வழங்கி, 1 வீதம்தான் நிரம்பியிருப்பதாகச் சொல்கிறது. மறைக்குறி இல்லை, எச்சரிக்கை இல்லை, சிரிப்பும் வராது. இரவுக் கடமையில் இருப்பவர் அதைப் பார்த்து நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போவார். பெருக்குவதற்கு முன் வகுத்துவிட்டால் தப்பலாம் என்று ஒருவர் நினைத்தால், முழுவெண் வகுத்தலில் விடை பூச்சியமாகிவிடும். அதுவும் ஒரு நிம்மதிதான்.

திரையில் தெரியும் எண்ணை நம்புவதா, கையில் இருக்கும் பொருளை நம்புவதா என்ற வழக்கு வெள்ளவத்தையின் கணினி திருத்தும் கடைகளில் ஒருகாலத்தில் அடிக்கடி நடந்தது. காலி வீதிக் கடையொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நின்று வாதாடியது நினைவிருக்கிறது.

“தம்பி, நாலுக்குக் காசு வாங்கிப்போட்டு மூண்டேகால் போட்டிருக்கிறீர்?”

“நாலுதான் மாஸ்டர் கிடக்கு. கழட்டிக் காட்டட்டோ? விண்டோசுக்குத்தான் எட்டேல்லை.”

“எட்டாட்டி எனக்கெதுக்கு அது?”

கடைக்காரப் பொடியன் சொன்னது உண்மை. 32 பிட் முகவரிகளால் சுட்டக்கூடியது மொத்தம் 4 ஜிபி. அதில் ஒரு பகுதியைத் திரை அட்டையும் மற்ற உதிரிகளும் தங்கள் முகவரிகளுக்காக எடுத்துக்கொள்ள, மெமரிக்கு மூன்றேகால் போல மிஞ்சும். மாஸ்டர் கேட்டதிலும் நியாயம் உண்டு. விண்டோஸ் விஸ்டா முதலில் தான் பாவிக்கக்கூடிய அளவைத்தான் காட்டியது. 2008 இல் வந்த முதலாவது சேவைப் பொதிக்குப் பிறகு, பொருத்தியிருக்கும் அளவைக் காட்டத் தொடங்கியது. பாவிக்கும் அளவு மாறவே இல்லை. காட்டும் எண் மட்டும் மாறியது, முறைப்பாடுகள் அடங்கின. அடுத்து வந்த விண்டோஸ் 7 தான் இரண்டு எண்களையும் அருகருகே வைத்தது: பொருத்தியது 4, பாவிக்கக்கூடியது 3.25. ஒரு வாடிக்கையாளருக்கும் ஒரு கடைக்காரருக்கும் இடையிலான சச்சரவை ஒரு வரியில் தீர்த்துவைத்த நேர்மை அது. ஓர் எண்ணுக்குள் இரண்டு உண்மைகளை அடக்கப் போய், ஏதாவது ஒன்றைப் பலிகொடுக்கும் பழக்கம் நமக்கு அதிகம்.

இலக்கத்துக்கு இடம் ஒதுக்குகிறவர் எதிர்காலத்தைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதுகிறார். தான் தீர்ப்பு எழுதுவது அவருக்கே தெரிவதில்லை. இலங்கையில் இதற்கு ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஓர் அத்தாட்சி இருக்கிறது.

1968 ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய அடையாள அட்டையின் பழைய இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். 1985 ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணின் இலக்கம் 85001 என்று தொடங்கும், பெண்ணின் இலக்கம் 85501 என்று தொடங்கும். பிறகு மூன்று இலக்கத் தொடரெண், ஒரு சரிபார்ப்பு இலக்கம், கடைசியில் வி அல்லது எக்ஸ். காகிதமும் தட்டச்சுப் பொறியும் ஆண்ட காலத்தில் இது அழகான சிக்கனம். ஆண், பெண் என்பதற்குத் தனி இடம் ஒதுக்காமல், நாள் எண்ணில் சும்மா கிடந்த இடத்திலேயே அதை ஏற்றிவிட்டார்கள். ஆண்டுக்கு மூன்றரை இலட்சம் அளவில் குழந்தைகள் பிறந்த நாட்டில், ஒரு நாளில் பிறக்கும் ஆண்களுக்கோ பெண்களுக்கோ ஆயிரம் தொடரெண் என்பது சராசரித் தேவைக்கு இரண்டு மடங்கு இடம். இதைச் செய்தவர் கணக்குத் தெரிந்தவர்.

அவர் கணக்கில் எடுக்காதது நூற்றாண்டை. 00 என்று தொடங்கும் இலக்கம் 1900 இல் பிறந்த பாட்டனுடையதா, 2000 இல் பிறந்த பேரனுடையதா? 1970 களின் தொடக்கத்தில் இந்தக் கேள்வி கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். 2000 இல் பிறந்த பிள்ளைகள் அட்டை எடுக்கும் வயதுக்கு வந்து, சாதாரணதரப் பரீட்சை மண்டப வாசலில் அதைக் காட்ட வேண்டிய காலம் வந்தபோது சிரிப்பு நின்றது. 2016 ஜனவரி முதல் ஆட்பதிவுத் திணைக்களம் பன்னிரண்டு இலக்கத்துக்கு மாறியது. ஆண்டு நான்கு இலக்கமாகவே எழுதப்படுகிறது, தொடரெண்ணும் நான்கு இலக்கம், எழுத்து இல்லை. பழைய இலக்கத்தைப் புதியதாக்கவும் ஒழுங்கான வழி உண்டு: முன்னால் 19 ஐச் சேர்த்து, தொடரெண்ணுக்கு முன் ஒரு பூச்சியத்தைச் செருகி, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். பழைய அட்டைகளும் செல்லும். தாக்குப்பிடிக்கும் கடைசி நேரத்தில் செய்யப்பட்டாலும், செம்மையாகச் செய்யப்பட்ட அகலப்படுத்தல் இது.

இந்த இலக்கத்தின் போதாமை இவ்வளவு காலம் பேச்சுக்கு வராததற்குக் காரணமும் கொழும்பிலேயே இருக்கிறது. போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டியவர்களுக்குத் தெரியும், துவக்கோடு நின்றவர் முதலில் வாசித்தது பெயரையும் பிறந்த இடத்தையும். இலக்கத்தை வாசித்தவர்கள் எழுதுவினைஞர்கள் மட்டுமே. அட்டையில் எந்தப் பகுதி ஆளைக் காப்பாற்றும், எந்தப் பகுதி ஆளைக் கொண்டுபோய் விடும் என்பதே கேள்வியாக இருந்த இடத்தில், இரண்டு இலக்க ஆண்டின் குறையை எவர் யோசித்திருப்பார்?

திணைக்களம் அகலப்படுத்தியது. நாட்டில் உள்ள ஒவ்வொரு படிவமும் ஒவ்வொரு மென்பொருளும் அதே நாளில் அகலமாகவில்லை. கொட்டாஞ்சேனையில் ஓர் அலுவலகக் கவுண்டரில், மகளுக்கு ஏதோ பதிவு செய்ய வந்த தாய்க்குப் பின்னால் வரிசையில் நின்றேன். திரையில் இலக்கத்துக்குப் பத்து இடம்தான் இருந்தது. உள்ளே இருந்த இளைஞர் இரண்டு தரம் அடித்துப் பார்த்தார்.

“அக்கா, கடைசி ரெண்டும் விழுதில்ல. ஆனா சிஸ்டம் எடுக்குது.”

“எடுத்தாச் சரி தம்பி. வெயில் ஏற முதல் போகோணும்.”

இருவரிலும் பிழை சொல்ல ஏதுமில்லை. அவருக்கு வரிசையை நகர்த்த வேண்டும், தாய்க்குப் பஸ் பிடிக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டில் முதல் பத்தை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். ஆண்டின் நான்கு, நாளின் மூன்று, தொடரெண்ணின் முதல் மூன்று. வெட்டுப்பட்டது தொடரெண்ணின் கடைசி இலக்கமும் சரிபார்ப்பு இலக்கமும். அதாவது ஒரே நாளில் பிறந்து, அடுத்தடுத்த தொடரெண் பெற்ற பத்துப் பெண்கள்வரை அந்தக் கோப்பில் ஒரே ஆளாகிவிடலாம். இரட்டைச் சகோதரிகளுக்குத் தொடரெண் அடுத்தடுத்து விழுந்தால் பெரும்பாலும் சங்கடம். பிழையைப் பிடிப்பதற்கென்றே வைத்த சரிபார்ப்பு இலக்கமும் வெட்டுப்பட்டதோடு போய்விட்டது. மென்பொருள் ‘எடுக்குது’. எடுத்துக்கொண்டது எதை என்று அது சொல்லவில்லை.

எண்ணுக்கு நேர்வது பெயருக்கும் நேர்கிறது. இன்றைய கணினிகளில் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 குறிமுறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். பாலசுப்பிரமணியம் என்ற பெயரை மெய், உயிர்க்குறி, புள்ளி என்று பிரித்தால் 16 குறிகள், 48 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் பதினைந்து பதினாறு பைட்டில் முடிந்துவிடும். பெயருக்கு 30 பைட் போதும் என்று எங்கோ ஒருவர் தீர்மானித்த தரவுத்தளத்தில் அவர் ‘பாலசுப்பிர’ ஆகிவிடுகிறார். இடத்தை ஒதுக்கியவர் எவரையும் ஒதுக்க நினைக்கவில்லை. தனக்குத் தெரிந்த பெயர்களின் நீளத்தை உலகத்தின் நீளமாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பணத்துக்கும் இதே கதை. தசமத்தில் வரும் சில்லறைப் பிழைகளைத் தவிர்க்க, பணத்தைச் சதக் கணக்கில் முழுவெண்ணாக வைத்திருப்பது நல்ல பழக்கம். குறியுள்ள 32 பிட்டில் அப்படி வைத்தால் உச்சம் 21,474,836 ரூபா 47 சதம். ஒரு காலத்தில் இரண்டு கோடி ரூபா என்பது கொழும்பில் ஆறேழு பேர் கதைக்கும் தொகை. இன்று காலி வீதியின் கடற்பக்கக் குறுக்குத் தெருக்களில் எழும்பியிருக்கும் தொடர்மாடிகளில் பல வீடுகளின் விலை அதற்கு மேலே. 2022 மார்ச்சில் டொலருக்கு 200 ரூபா அளவில் நின்ற நாணயம் மே மாதத்துக்குள் 360 ரூபா வரை வீழ்ந்தபோது, எல்லா எண்களும் ஒரே தள்ளில் எல்லையை நோக்கி நகர்ந்தன. நினைவகம் மலிவதால் எண் பெருக்கிறது, நாணயம் மலிவதாலும் எண் பெருக்கிறது. எண்ணை அடைக்கும் பெட்டிக்கு இரண்டும் ஒன்றே. பணக்கார நாட்டுக்கும் விலக்கில்லை. அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தை, பங்கு விலையை நான்கு தசமத்தோடு குறியில்லா 32 பிட்டில் வைத்திருந்தது. உச்சம் 429,496.7295 டொலர். 2021 மே மாதத்தில் பேர்க்‌ஷயர் ஹாதவேயின் ஏ வகுப்புப் பங்கின் விலை அந்த எல்லையை நெருங்கியதும், அந்தப் பங்கின் விலையைத் தன் சில தரவு ஓடைகளில் வெளியிடுவதைத் தற்காலிகமாக நிறுத்திக்கொண்டது. தவறான விலையைக் காட்டுவதைவிடக் காட்டாமல் இருப்பது மேல் என்ற முடிவு. அந்த ஒரு முடிவுக்காக அவர்களை மெச்சலாம்.

நிரம்பிவிட்ட பெட்டியின் முன் ஒரு நிரல் நான்கு விதமாக நடந்துகொள்ளலாம். சுற்றிக்கொண்டு மீண்டும் தொடக்கத்துக்கு வரலாம். உச்சத்தில் நின்றுகொண்டு அதற்குமேல் அசையாமல் இருக்கலாம். ‘கொள்ளவில்லை’ என்று சொல்லி மறுக்கலாம். அல்லது முன்கூட்டியே பெட்டியை அகலப்படுத்தலாம். நினைவகம் காட்டும் நிரல்களின் வரலாற்றில் நான்கும் நடந்திருக்கின்றன.

விண்டோசில் நினைவக நிலையைக் கேட்டறிவதற்கு இருந்த பழைய வழி, 2 ஜிபிக்கும் 4 ஜிபிக்கும் இடைப்பட்ட இயந்திரங்களில் 2 ஜிபி என்றே சொன்னது. அது உச்சத்தில் நிற்றல். 4 ஜிபியைத் தாண்டினால், எல்லை மீறியதற்கு அடையாளமாக மறை 1 ஐத் திருப்பித் தரலாம் என்று மைக்ரோசொப்டின் ஆவணம் எச்சரிக்கிறது. அது மறுத்தல். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த மறை 1 ஐக் குறியில்லா 32 பிட் எண்ணாக அச்சிட்டால் 4,294,967,295 என்று வரும். ‘எனக்குத் தெரியாது’ என்ற விடை, கேட்டவர் கையில் ‘4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு’ என்றாகிவிடுகிறது. 64 பிட்டில் விடை தரும் புதிய வழியை அவர்கள் பிறகு சேர்த்தார்கள். லினக்ஸ் வேறு தந்திரம் செய்தது. 1999, 2000 காலத்து 2.3 வளர்ச்சிப் பதிப்புகளில், அளவோடு சேர்த்து அலகையும் தரத் தொடங்கியது: இத்தனை, ஒவ்வொன்றும் இத்தனை பைட். எண் சிறிதாகவே இருக்கும், அலகு பாரத்தைச் சுமக்கும். அதை வாங்கிய நிரலாளர் இரண்டையும் 32 பிட்டிலேயே பெருக்கினால் பழைய பள்ளத்தில் மறுபடி விழுவார். பலர் விழுந்தார்கள்.

மறுத்தால் மட்டும் போதும் என்று சொல்லிவிட முடியாது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சுக் கயானாவின் கூரூவிலிருந்து எழுந்த ஏரியான் 5 ஏவூர்தி அதற்குச் சாட்சி. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் தசம எண்ணொன்று, 16 பிட் முழுவெண்ணுக்குள் மாற்றப்பட்டபோது அடங்கவில்லை. நிரல் ஏரியான் 4 இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. பழைய ஏவூர்தியின் பாதையில் அந்த எண் ஒருபோதும் அவ்வளவு பெருக்காது. இந்த முறை இயந்திரம் பொய் சொல்லவில்லை. மீறலைக் கண்டுபிடித்தது, வழிகாட்டும் அலகைத் தானே நிறுத்தியது. ஒன்றுபோன்ற இரண்டு அலகுகளும் ஒரே நிரலோடு ஒரே காரணத்தால் நின்றன. நிற்கும்போது அனுப்பிய பிழைக்குறிப்பைப் பிரதான கணினி பறப்புத் தரவு என்று வாசித்து, அதற்கேற்ப ஏவூர்தியைத் திருப்பியது. எஞ்சின் எரியத் தொடங்கி நாற்பது செக்கன் ஆவதற்குள் எல்லாம் சிதறியது. உண்மையைச் சொல்ல ஒருவர் வேண்டும். அது எந்த வகையான உண்மை என்று அறிந்து கேட்க இன்னொருவரும் வேண்டும். இரண்டாமவர் எண்ணை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருந்தால், முதலாமவரின் அலறலும் ஓர் எண்ணாகிவிடும்.

தொழிலில் இருப்பவர்களுக்குத் திருத்தம் தெரியும். ஆனாலும் அது எங்கே செய்யப்பட வேண்டும் என்பதில்தான் சறுக்குகிறார்கள். பெருக்கி முடித்த விடையை 64 பிட் பெட்டியில் வைப்பதால் பயனில்லை, ஏனென்றால் வழிந்தது ஏற்கெனவே வழிந்துவிட்டது. பெருக்கப் போகும் இரண்டு எண்களில் ஒன்றையாவது, பெருக்குமுன்பே, 64 பிட்டாக அகலப்படுத்த வேண்டும். அச்சிடும் கட்டளையும் 64 பிட்டை எதிர்பார்க்க வேண்டும். உள்ளே சரியாக இருந்த எண் வாசலில் வைத்து வெட்டுப்படுவது மிகச் சாதாரணமான விபத்து. மிகக் கெட்ட திருத்தம் ஒன்றும் உண்டு: மறை எண் வந்தால் குறியை நீக்கிவிட்டுக் காட்டுவது. 3 ஜிபி இயந்திரம் உடனே 1 ஜிபி என்று ஒழுங்கான ஓர் எண்ணைக் காட்டும், முறைப்பாடு நின்றுவிடும். பொய்யின் நெற்றியில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, அதைத் திருத்தம் என்று அழைத்த கதை.

சி மொழியில் குறியில்லா எண்கள் சுற்றிக்கொள்ளும் என்பது விதி. குறியுள்ள எண்கள் எல்லை மீறினால் என்ன நடக்கும் என்று மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அண்மைக் காலத்துக் கருவிகள் இதில் இரங்கியிருக்கின்றன. பெருக்கலோடு சேர்த்து ‘அடங்கியதா’ என்ற பதிலையும் தரும் வசதி ஜிசிசி தொகுப்பியில் 2015 முதல் உண்டு, சி23 தரத்திலும் வந்துவிட்டது. அந்தப் பதிலைக் கேட்டு வாங்க ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும். அந்த ஒரு வரியை எழுத வைப்பது அறிவு அல்ல, பழக்கம். கவுண்டரில் இருந்த இளைஞருக்கும் ‘எடுக்குது’ என்று திரை சொல்லாமல் ‘இரண்டு இலக்கம் வெளியே நிற்கிறது’ என்று சொல்லியிருந்தால், அவர் நிச்சயம் நிறுத்தியிருப்பார்.

64 பிட் வந்தபின் இந்தக் கதை முடிந்துவிட்டதாக நினைக்க இடமில்லை. யுனிக்ஸ் மரபில் நேரம் என்பது 1970 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து எண்ணப்படும் செக்கன்கள். குறியுள்ள 32 பிட்டில் வைத்திருக்கும் இயந்திரங்களுக்கு அது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இலங்கை நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனோடு நிரம்பும். அடுத்த செக்கனில் 1901 டிசம்பர். லினக்சின் கருநிரல் 2020 இல் வந்த 5.6 பதிப்போடு 32 பிட் இயந்திரங்களுக்கும் வழி செய்துவிட்டது. ஆனால் லிஃப்ட்களிலும் மின்மானிகளிலும் தொடர்மாடி வாசற்கதவுகளிலும் பதிந்து கிடக்கும் பழைய நிரல்களை எவர் தேடித் திருத்துவார்? அந்தத் திகதிக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. 2018 இல் இருபது வருடத் தவணையில் வீட்டுக்கடன் எடுத்தவரின் கடைசித் தவணைத் திகதியைக் கணக்கிட்ட நிரல் அன்றைக்கே அந்த எல்லையைத் தொட்டிருக்கும்.

அகலம் எவ்வளவு என்ற கேள்விக்கு என்றைக்குமான விடை கிடையாது. 1970 களில் அட்டை இலக்கத்துக்கு இடம் ஒதுக்கியவரைவிட நாம் தூரப்பார்வை உள்ளவர்கள் என்று நினைப்பது வீண் பெருமை. அவருக்கு நூற்றாண்டு தெரியவில்லை, நமக்கு எது தெரியவில்லை என்பதை நம் பேரப்பிள்ளைகள் சொல்வார்கள். ஆனால் நிரம்பும் நாளில் நிரல் என்ன சொல்ல வேண்டும் என்பதை இன்றே எழுதி வைக்கலாம். கொள்ளவில்லை என்றால் கொள்ளவில்லை என்று, எண்ணோடு குழம்பாத ஒரு சொல்லில். இடம் போதாமல் போவது மன்னிக்கக்கூடியது. போதாமல் போனதை மறைத்து ஓர் எண்ணை நீட்டுவதைத்தான் மன்னிக்க முடியாது. அந்த எண்ணை வாங்கிக்கொண்டு ‘எடுத்தாச் சரி’ என்று போகிறவருக்கு, என்ன எடுபடாமல் போனது என்று அறிய வேறு வழியே இல்லை.